ஒட்ட மறுத்த வில்லைகள்

எந்திரத்தின் தகடு கீழே இறங்கத் தொடங்கியதும் ஷூலே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தகட்டுக்குக் கீழே பழுப்பு நிற வில்லை ஒன்று செங்குத்தாக நின்றது. வில்லையின் முகத்தில் பல் நிறத்தில் ஒரு சிறு பொத்தான் ஒட்டியிருந்தது. மழுங்கிய எஃகுத் தகடு அந்தப் பொத்தானின் தலையில் உட்கார்ந்து மெல்ல மெல்ல அழுத்தும். பொத்தான் பெயர்வதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று திரையில் ஒரு கோடு சொல்லும். கோடு ஏறியது. அவள் மனசுக்குள் குறித்து வைத்திருந்த உயரத்தில் பாதிகூடப் போகவில்லை. டக்கென்று ஒரு சத்தம். பொத்தான் தெறித்துத் தட்டில் விழுந்து உருண்டது.

"இதுவும் போச்சா?"

பேராசிரியர் ஜாவித் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார். ஒரு கையில் இடுப்பு சிறுத்த கண்ணாடிக் குவளையில் தேநீர். செயற்கைப் பல் துறைக்கு அவர்தான் தலைவர், ஷூலேயின் மேற்படிப்பு ஆய்வுக்கும் அவர்தான் பொறுப்பு.

"போச்சு ஹோஜா," என்றாள் ஷூலே. அங்கே ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மணல் பீய்ச்சின வில்லைங்க?"

"அது எப்பவும் போலத்தான். சுமாரா தாங்குது."

"லேசர் போட்டது அதைவிடக் கேவலமா உதிருது. அப்படித்தானே?" அவர் சர்க்கரைக் கட்டியைக் கரண்டியால் நசுக்கினார். "இங்க பாரு ஷூலே. லேசர் பகுதியை ஆய்விலேர்ந்து எடுத்துடு. 'பயன் தரவில்லை'ன்னு ஒரு வரி எழுதிட்டு மத்ததை முடி. அடுத்த புதன்கிழமை ரிஃபாத்துக்கு உலோகச் சட்டத்துக்கு அளவு எடுத்துடலாம்."

"உலோகம் வெச்சப்போதான் அவருக்கு ஈறு முழுக்கப் புண்ணாச்சு ஹோஜா."

"வேற உலோகம் வைப்போம்."

"அதுவும் ஒத்துக்கலேன்னா?"

"அப்போ கழட்டி மாட்டுற பல் செட்டு. அந்த ஆளு சுர்னாவை விட்டுட்டு மேளம் அடிக்கட்டும்." சொன்ன பிறகு அவருக்கே அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும்; தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். "புதன் வரைக்கும் நேரம் இருக்கு. என்ன வேணா பண்ணிப் பாரு. ஆனா புதன்கிழமை எனக்குக் காரணம் வேணும், பிடிவாதம் வேணாம். அந்த லேசரைவிட நீதான் சூடா இருக்கே."

ரிஃபாத் அந்த நேரத்தில் கீழே, நோயாளிகள் உட்காரும் கூடத்தில்தான் இருந்தார். அந்த மேட்டுநில நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அவர் இல்லாமல் கல்யாணம் இல்லை. சுர்னா என்பது நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம். சீவாளி முழுவதும் வாய்க்குள் போய்விடும். அதன் அடியில் இருக்கும் வட்டத் தகடு உதட்டை அமுக்கும். உதடு முன்பற்களை அமுக்கும். கன்னத்தை உப்பவைத்து, மூச்சு இடைவெளியே தெரியாமல் மணிக்கணக்கில் ஊத வேண்டும். ரிஃபாத்துக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கு இல்லை. பக்கத்துப் பற்கள் பலவீனமாகிவிட்டதால், இடைவெளியில் பாலம்போல நிற்கும் கனமான பீங்கான் பிரிட்ஜை அவற்றின் மேல் ஏற்ற முடியாது. ஆகவே ஷூலே அவருக்கு பீக் என்னும் பிளாஸ்டிக்கில் சட்டம் கடைந்து, அதன்மேல் பல் நிறப் பிசினால் பற்கள் செய்து கொடுத்திருந்தாள். இரண்டு முறை செய்தாள். இரண்டு முறையும் சட்டம் வாயிலேயே நிற்க, பற்கள் மட்டும் பெயர்ந்து விழுந்தன.

ஷூலே கீழே இறங்கிப் போனபோது அவர் எழுந்து நின்று சிரித்தார். சிரிப்பில் பழுப்புச் சட்டம் தெரிந்தது.

"டாக்டரம்மா, போன சனிக்கிழமை என்ன ஆச்சுன்னு கேளுங்க. கல்யாண வீட்டுல ஹலாய் ஆட்டம் நல்லாச் சூடு பிடிச்ச நேரம். ஒரு பல்லு பறந்து போய் நம்ம மேளக்காரன் மேளத்துல விழுந்துச்சு. அந்தக் கழுதை, தாளத்தை மாத்தச் சொல்றேன்னு நெனச்சு வேகத்தைக் கூட்டிட்டான்!"

"வலிச்சுதா அண்ணே?"

"மானம்தான் வலிச்சுது. மாப்பிள்ளையோட சித்தப்பன் குனிஞ்சு பல்லைத் தேடுறான், பின்னால ஆடுறவங்க அவன் மேல ஏறி ஆடுறாங்க." சிரிப்பு நின்றது. "மே மாசத்துல கல்யாணம் ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் ஓயாது. எனக்கு வேற வேலை தெரியாது டாக்டரம்மா. ஹோஜா ஏதோ உலோகம்னு சொன்னாரே?"

"இன்னும் முடிவாகலை. புதன்கிழமை சொல்றேன்."

"முடியும்தானே?"

"முடியணும்," என்றாள் ஷூலே.

பீக் ஏன் இப்படிப் படுத்துகிறது என்று அவளைக் கேட்டால் உட்காரவைத்துச் சொல்வாள். எலும்பைப் போலக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. வாயில் ஊறும் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. உடம்புக்குள் வைப்பதற்கு இதைவிட நல்ல குணம் வேண்டுமா? ஆனால் அந்தக் குணமே பசைக்கு எதிரி. எதோடும் சேராத பண்டத்தின்மேல் எதை ஒட்டுவது? கண்ணாடிச் சுவரில் சுண்ணாம்பு பூசுவது மாதிரிதான். ஆகவே முதலில் மேற்பரப்பைக் கொத்த வேண்டும். பிசின் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளக் குழிகள் வேண்டும். கடுமையான அமிலம் நன்றாகவே கொத்தும். ஆனால் தோலில் பட்டால் பொசுக்கிவிடும் அமிலத்தைப் பேராசிரியர் தன் ஆய்வுக்கூடத்துக்குள் விடமாட்டார். மணல் போன்ற தூளைக் காற்றில் பீய்ச்சி அடிக்கலாம். ரிஃபாத்தின் சட்டத்துக்கு அதைத்தான் செய்தார்கள். சாதாரண ஆளுக்கு அது போதும். சுர்னாக்காரருக்குப் போதவில்லை.

மிஞ்சியது லேசர். அவளுக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். அந்த லேசர் பிளாஸ்டிக்கை நேரடியாகச் சுடுவதில்லை. அதன் ஒளிக்குத் தண்ணீர்மேல்தான் கண். கருவியின் முனையிலிருந்து மெல்லிய சாரலும் கூடவே வரும். வில்லையின் மேல் படியும் அந்த ஈரம் ஒளியை விழுங்கிச் சட்டென்று ஆவியாகி வெடிக்கும். காய்ந்த கல்லில் தெளித்த தண்ணீர் துள்ளுவதுபோல, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில். ஒவ்வொரு வெடிப்பும் வில்லையில் ஒரு பள்ளம் பறிக்கும். சாரலே குளிர்விக்கவும் செய்வதால் பிளாஸ்டிக் கருகாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மழைக்குப் பிறகு ஆட்டு மந்தை நடந்து போன களிமண் மாதிரி இருக்கும். அந்தப் பள்ளங்களில் இணைப்புத் திரவத்தைத் தடவி, பிசினை வைத்து, நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிட வேண்டும்.

இறுகியது. ஆனால் பிடிக்கவில்லை.

அன்று மதியமே அவள் உடைந்த வில்லைகளை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். ஒட்டு நன்றாக இருந்தால் உடைப்பு பிசினுக்குள்ளேயே நடக்கும். வில்லையின்மேல் வெள்ளைத் துணுக்குகள் அப்பிக் கிடக்கும். இங்கே ஒரு துணுக்குகூட இல்லை. ஸ்டிக்கரை உரித்தெடுத்த மாதிரி சுத்தமாக வந்திருந்தது. பள்ளங்கள் இருந்தன. பிசின் அவற்றுக்குள் இறங்கவே இல்லை.

ஏன் இறங்கவில்லை?

ஒட்டுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த லேசர் வில்லை ஒன்றின்மேல் ஊசியால் ஒரு துளி தண்ணீர் விட்டாள். இது எளிய சோதனை. ஒரு பரப்புக்குத் திரவத்தைப் பிடித்திருந்தால் துளி படுத்து விரியும். பிடிக்காவிட்டால் சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நிற்கும். துளி உருண்டு நின்றது. எதுவுமே செய்யாத வில்லையிலும் அப்படித்தான் நின்றது.

அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினாள். மார்ச் மாதம் பிறந்தும் பனி கரையவில்லை. நடைபாதை ஓரத்தில் கறுத்த குவியல்களாகக் கிடந்தது. லேசர் கருவி அங்கே, ஈறு சிகிச்சைத் துறையில் இருந்தது. அந்தத் துறையின் வரவேற்பு மேசையைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. மேசைக்குப் பின்னால் முனிரே அக்கா.

"வா கண்ணு வா, மூக்கெல்லாம் சிவந்து போச்சே! கையை நீட்டு."

கேட்கவே வேண்டாம். கையை நீட்டினால் முனிரே அக்கா மேசைக்கடியிலிருந்து பெரிய புட்டியை எடுத்து, உள்ளங்கையில் குளிரக் குளிரக் கொலோன்யா ஊற்றுவாள். எலுமிச்சை வாசம் கூடத்தை நிறைக்கும். பிள்ளை பிறந்த வீடு, துக்க வீடு, முடிதிருத்தும் கடை, பேருந்து என்று அந்த நாட்டில் வாசல் மிதிக்கும் யாருக்கும் முதல் மரியாதை அதுதான். நோய்த்தொற்றுக் காலத்தில் அதுவே மருந்தாகவும் ஆகிவிட்டது. எண்பது டிகிரி, அதாவது நூற்றுக்கு எண்பது பங்கு ஆல்கஹால் என்று புட்டியிலேயே போட்டிருக்கும். ஷூலே கைகளைத் தேய்த்துக் கழுத்திலும் தடவிக்கொண்டாள்.

"இன்னிக்கும் அந்தக் காப்பித்தூள் நிற மாத்திரைங்களைச் சுடப் போறியா?"

"மாத்திரை இல்லேக்கா, வில்லை."

"என்னவோ. போன மாசம் முழுக்கச் சுட்டே. வெந்துச்சா?"

"வெந்துச்சுக்கா. ஒட்டத்தான் மாட்டேங்குது."

உள்ளே போய் ஒரு புது வில்லையை லேசரில் காட்டினாள். சாரலாகப் பட்ட தண்ணீர் அதன்மேல் விரிந்து மெல்லிய படலமாகப் படுத்தது. அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. லேசர் வேலை செய்கிறது! அப்படியானால் இங்கிருந்து தன் ஆய்வுக்கூடத்துக்குப் போவதற்குள் ஏதோ நடக்கிறது. காற்றுக்குழாயால் ஈரத்தை ஊதி, எப்போதும்போலப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனாள். அங்கே துளி விட்டாள். உருண்டு நின்றது.

காற்றுக்குழாயைச் சந்தேகித்தாள். காற்றை அழுத்தும் எந்திரத்திலிருந்து எண்ணெய் கசிந்து வரலாம். சுத்தமான கண்ணாடிச் சில்லில் குழாயால் வெகுநேரம் ஊதிவிட்டுத் துளி விட்டாள். அழகாக விரிந்தது. குழாய் நிரபராதி. பெட்டியைச் சந்தேகித்தாள். வில்லைகள் உட்காரக் குழி குழியாக வெட்டிய பிளாஸ்டிக் பெட்டி அது. கொதிக்கவைத்துக் கழுவி, மறுபடி வில்லை சுட்டு, மறுபடி எடுத்துவந்தாள். உருண்டது. வழியில் பனிக்காற்று படுகிறதோ என்று பெட்டியைத் துணியில் சுற்றிக்கூடக் கொண்டுவந்தாள். அதற்கும் அதே கதிதான்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

"காரணம் கிடைச்சுதா?"

"எதெல்லாம் காரணம் இல்லேன்னு கிடைச்சிருக்கு ஹோஜா."

"அதுவும் ஒரு சேமிப்புதான். ஊருக்குப் போகலையா? உங்கம்மா எனக்குப் போன் பண்ணுவாங்கபோல இருக்கு."

அம்மா கைசேரியில் இருந்தாள். தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். போகாமல் இருக்க முடியாது. சனிக்கிழமை காலை ஷூலே பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மனசு மட்டும் ஆய்வுக்கூடத்திலேயே கிடந்தது. லேசர், காற்று, பெட்டி, வழி. வேறு என்ன? பக்கத்து இருக்கையில் ஒரு தடித்த அம்மாள், மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு. நகர எல்லை தாண்டியதும் மீசை நரைத்த நடத்துநர் புட்டியோடு வரிசையாக வந்தார். ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். ஷூலேயும் நீட்டித் தேய்த்துக்கொண்டாள்.

வெளியே பனி மூடிய வயல்கள். உள்ளே இத்தனை பேரின் மூச்சும் தேநீர் ஆவியும் சேர்ந்து ஜன்னல் மங்கிப்போயிருந்தது. உள்ளங்கையால் ஒரு வீச்சுத் துடைத்தாள். வெளி தெரிந்தது. சற்று நேரத்தில் மறுபடி மங்கியது. அவள் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தாள்.

ஜன்னலில் மற்ற இடமெல்லாம் ஒரே சீரான மங்கல். அவள் கை போன பாதையில் மட்டும் நீர் முத்து முத்தாகத் தனித்தனியே நின்றது. ஐந்து விரல்களின் தடமும் அப்படியே தெரிந்தது.

கைக்குட்டையால் அழுத்தித் துடைத்து, கண்ணாடியின்மேல் ஹா என்று ஊதினாள். தடம் திரும்பி வந்தது.

உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். எலுமிச்சை. நடத்துநர் ஊற்றி எவ்வளவோ நேரமாகிவிட்டது. ஆல்கஹால் தேய்த்த மறுகணமே பறந்துபோகும். கை குளிர்வது அதனால்தான். ஆல்கஹால் போய்விட்டது என்றால், இப்போது மணப்பது எது?

"என்ன பொண்ணே, கையை மோந்துக்கிட்டே வர்றே? மீன் சாப்பிட்டியா?" என்றாள் பக்கத்து அம்மாள்.

"இல்லம்மா. கொலோன்யா."

"அதைத்தான் எல்லாருக்கும் ஊத்தினானே."

"ஆமாம்மா, எல்லாருக்கும்தான் ஊத்துறாங்க!" ஷூலே சிரித்த சிரிப்பில் அந்த அம்மாள் பொட்டலத்தைக் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

வாசனை என்பது எண்ணெய். எலுமிச்சைத் தோலின் எண்ணெயும், அது சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்துவைக்கச் சேர்க்கும் வேறு பிசுக்குகளும். ஆல்கஹால் அதைக் கரைத்து, கையெல்லாம் சீராகப் பரப்பிவிட்டுத் தான் மட்டும் கிளம்பிவிடும். மிச்சம் தோலில் இருக்கும். தோலிலிருந்து? அவள் கண்ணை மூடித் தன் கைகள் லேசர் அறையில் செய்வதைப் பார்த்தாள். சாரல் நனைத்த கையுறையில் அந்தச் சின்ன வில்லை வழுக்கும். அதனால் கையுறையைக் கழற்றிவிடுவாள். சுத்தமான கைதானே, இப்போதுதானே எண்பது டிகிரி போட்டோம் என்று நினைத்துக்கொள்வாள். வில்லையை ஓரத்தில்தான் பிடிப்பாள், அதில் கவனம் உண்டு. பெட்டியின் குழியில் வைத்ததும், அது சரியாக உட்காரக் கட்டைவிரலால் முகத்தில் ஒரு அழுத்து. ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு அழுத்து.

மணல் பீய்ச்சிய வில்லைகளைத் தன் ஆய்வுக்கூடத்திலேயே செய்தாள். அங்கே முனிரே அக்கா இல்லை. அவற்றைக் கவ்வியில் பிடித்துச் செய்தாள், பிறகு ஆல்கஹாலில் அலசினாள். லேசர் வில்லைகளைத் தண்ணீரில் மட்டும்தான் அலசினாள். சாரலிலேயே குளித்துவந்தவைதானே என்று. தண்ணீர் எண்ணெயைக் கழுவுமா? பள்ளங்கள் பிசினைக் குடிப்பதற்காகப் பறிக்கப்பட்டவை. அவள் விரல் முந்திக்கொண்டு அவற்றுக்கு வாசனைத் தைலம் புகட்டியிருந்தது.

நிச்சயதார்த்தத்தில் வந்தவர்களுக்குக் கொலோன்யா ஊற்றும் பொறுப்பு அக்காக்காரியான அவளுக்கு. ஊற்றினாள். ஊற்றும்போதெல்லாம் ஒவ்வொருவர் கட்டைவிரலையும் பார்த்தாள்.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. திங்கள்கிழமை காலை அவள் புது வில்லைகளோடு லேசர் அறைக்குப் போனபோது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாம்க்கா."

முனிரே அக்காவின் கையில் புட்டி அந்தரத்தில் நின்றது. "ஏன், நான் உனக்கு வேண்டாதவளா ஆயிட்டேனா? தங்கச்சி நிச்சயத்துக்குக் கூப்பிடலேன்னுகூட நான் கோவிச்சுக்கலை."

"ஐயோ அக்கா, அது இல்லே. வேலை முடிஞ்சதும் ரெண்டு பங்கு வாங்கிக்கறேன். ஆனா புட்டியைக் கொஞ்சம் குடுங்க, எனக்குச் சோதனைக்கு வேணும்."

"என் கொலோன்யாவைச் சோதனை பண்ணப் போறியா! இது கலப்படம்னு எவன் சொன்னான்?"

"நல்ல சரக்குங்கிறதாலதான் அக்கா பிரச்சினையே. வாசம் போகவே மாட்டேங்குது."

"பின்னே? எங்க வீட்டுக்காரர் தேடித் தேடி வாங்குறது," என்று முனிரே அக்கா சமாதானமாகிப் புட்டியை நீட்டினாள்.

ஷூலே வில்லைகளை மூன்று கூறாகப் பிரித்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே லேசர், ஒரே சாரல், ஒரே காற்று. முதல் கூறு வில்லைகளை இடுக்கியால் மட்டும் தொட்டாள். இரண்டாவதைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த வெறும் விரலால் அழுத்தினாள். தோலின் எண்ணெயே குற்றவாளியாக இருந்தால் கொலோன்யாமேல் பழி போடுவது தப்பல்லவா? மூன்றாவதை, கொலோன்யா போட்டுக் காய்ந்த விரலால். பிறகு எல்லாவற்றிலும் பிசின் பொத்தான்களை வைத்து இறுக்கி, உடம்புச் சூட்டில் தண்ணீரில் ஊறவிட்டாள். வாய் எப்போதும் ஈரம். ஈரத்தில் ஊறாத ஒட்டைச் சோதித்துப் பயனில்லை.

மறுநாள் உடைக்க உட்கார்ந்தபோது பேராசிரியர் தானாகவே வந்து பின்னால் நின்றார். அவரிடம் எதையும் மறைக்காமல் அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள், கட்டைவிரல் உட்பட.

"கொலோன்யாவா?" அவர் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சரி, உடை. பார்ப்போம்."

கொலோன்யா விரல் பட்டவை பழைய கதையைத்தான் சொன்னன. கோடு கொஞ்சம் ஏறும், டக், சுத்தமாக உரிந்து விழும். வெறும் விரல் பட்டவை நடுவில் நின்றன. சில தாங்கின, சில தாங்கவில்லை. பிறகு இடுக்கி வில்லைகளில் முதலாவதை ஏற்றினாள். கோடு ஏறியது. வழக்கமாக விழும் இடத்தைத் தாண்டியது. மணல் வில்லைகள் விழும் இடத்தையும் தாண்டியது. ஷூலேயின் கால் மேசைக்கடியில் தாளம் போட்டது. கோடு இன்னும் ஏறியது. சத்தம் வந்தபோது அது டக் இல்லை, கடலை மிட்டாயைக் கடித்ததுபோல ஒரு நொறுங்கல்.

அவள் வில்லையை இடுக்கியால் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு நகர்ந்து வழிவிட்டாள். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். வில்லை முழுக்க வெள்ளைத் துணுக்குகள். பிசின் தானே உடைந்திருந்தது, பிடியை விடவில்லை.

"இன்னொண்ணு உடை."

உடைத்தாள். அதுவும் அப்படித்தான்.

அவர் நிமிர்ந்தார். "சரி. காரணம் கேட்டேன், கொண்டுவந்துட்டே. இப்போ இதையும் கேட்டுக்கோ. போன மாசம் பண்ணின லேசர் வில்லை மொத்தமும் குப்பை. ஒண்ணுகூடக் கணக்குல வரக்கூடாது. முதல்லேர்ந்து பண்ணணும். பண்ணுவியா?"

"புது வில்லை நேத்தே கடைய ஆரம்பிச்சாச்சு ஹோஜா."

"நான் சரின்னு சொல்றதுக்கு முன்னாடியேவா?"

"நீங்க வேணாம்னு சொன்னாலும் கடைஞ்சிருப்பேன்."

அவர் சிரித்தார். "ரிஃபாத்தோட சட்டத்தை அவசரப்பட்டுத் தொடாதே. சூடு குளிர் தொட்டியில போட்டுப் புரட்டி எடுத்த வில்லையும் தாங்குதான்னு பார்த்துட்டு அப்புறம் தொடு. புதன்கிழமை அந்த ஆளு வந்தா உலோகம் இல்லேன்னு நானே சொல்றேன்."

அந்தத் தொட்டிதான் கடைசிப் பரீட்சை. வாய்க்குள் கொதிக்கும் தேநீர் போகும், பின்னாலேயே ஜில்லென்ற மோர் போகும். ஒவ்வொரு முறையும் பிசின் ஒரு அளவுக்கு விரியும், பீக் இன்னொரு அளவுக்கு விரியும், நடுவில் மாட்டிக்கொண்ட ஒட்டு இழுபடும். எந்திரக் கை ஒன்று வில்லைகளைச் சுடுதண்ணீரிலும் குளிர்தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கி, வருஷக்கணக்கான சாப்பாட்டைச் சில வாரங்களில் அவற்றுக்கு ஊட்டிவிடும். ஷூலே தினமும் லேசர் அறைக்குப் போனாள், கையுறையோடும் முனையில் மெல்லிய ரப்பர் மாட்டிய இடுக்கியோடும். முனிரே அக்கா தினமும் புட்டியை எடுத்து, ஞாபகம் வந்து, திரும்ப உள்ளே வைத்தாள். "இந்தப் பொண்ணு என்கிட்ட கடன் வெச்சிக்கிட்டே போகுது," என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் புகார் சொன்னாள். தொட்டியிலிருந்து வந்த வில்லைகள் கொஞ்சம் பலம் இழந்திருந்தன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மணல் வில்லைகளைவிட நன்றாகத் தாங்கின.

ஏப்ரல் கடைசியில், பனிக்குவியல்களின் இடத்தில் சேறு மட்டும் மிஞ்சியிருந்தபோது, அவள் ரிஃபாத்தின் சட்டத்தை லேசரின் கீழ் பிடித்தாள். வில்லை தட்டையானது; சட்டத்துக்கு வளைவும் இடுக்கும் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் முனையை நடத்த வேண்டும். மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நடத்தினாள். தண்ணீர் சட்டம் முழுக்கப் படலமாகப் படுத்தது. எந்த விரலும் படாமல் அது ஆய்வுக்கூடத்துக்குப் போனது; திரவம் குடித்தது; பற்கள் முளைத்தன.

பிரிட்ஜைப் பொருத்திய அன்று ரிஃபாத் கண்ணாடியில் தன் வாயை எல்லாக் கோணத்திலும் பார்த்தார்.

"போன தடவையும் இப்படித்தான் அழகா இருந்துச்சு டாக்டரம்மா."

"சுர்னா கொண்டுவந்தீங்களா?"

"வண்டியில இருக்கு."

"எடுங்க. வெளியில போய் ஊதுங்க. விழுறதா இருந்தா என் முன்னாடி விழட்டும்."

கல்லூரி முற்றத்தில் ரிஃபாத் சீவாளியை நனைத்து வாயில் வைத்தார். வட்டத் தகடு உதட்டை அமுக்கியது. முதலில் தயங்கித் தயங்கித்தான் ஊதினார், பல்லில் காதை வைத்தபடி. பிறகு கன்னம் உப்பியது. ஹலாய்ப் பாட்டு ஒன்று கட்டடங்களுக்கு நடுவில் மோதித் திரும்பியது. ஜன்னல்கள் திறந்தன. வாய் மரத்துப்போன நோயாளிகள், வெள்ளை அங்கி மாணவர்கள், எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கீழே நின்ற நாலைந்து பேர் சுண்டுவிரல்களைக் கோத்துக்கொண்டு தோள் குலுக்கி ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள். ரிஃபாத் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது, அது முடியாமல் அதற்கடுத்ததும். ஷூலே பாட்டைக் கேட்கவில்லை. அவர் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல்மாடி ஜன்னலிலிருந்து பேராசிரியர் கத்தினார். "போதும்யா! பல்லு விழாது, எங்க காதுதான் விழும்!"

ரிஃபாத் சுர்னாவை இறக்கி, நாக்கால் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். பழுப்பு எங்கும் தெரியவில்லை.

ஷூலே கையுறையைக் கழற்றினாள். அதற்காகவே காத்திருந்ததுபோல முனிரே அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு புட்டியோடு வந்தாள்.

"வேலை முடிஞ்சுதா இல்லையா? இனிமே சாக்கு சொல்லாதே."

"முடிஞ்சுதுக்கா," என்று ஷூலே இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள். "நல்லா நிறைய ஊத்துங்க."